சுண்டல் ஏன் சுண்டல்காரரிடம் ஓடினான்?

வாசகி கேட்டது: “எங்கள் வீட்டு ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு ஒன்றே முக்கால் வயது, ஆறு கிலோ எடை. பதினொரு வயது மகன் வைத்த பெயர் சுண்டல். பெசன்ட் நகரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். உட்கார், படு, கை கொடு, இரு என்று எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டேன்; வீட்டுக்குள் நன்றாகச் செய்கிறான். வெளியே போனால் நான் யாரோ, அவன் யாரோ. போன மாதம் ஒரு மாலை கடற்கரையில் நம்பிக்கையோடு கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் ‘தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்’ என்று கூவிக்கொண்டு வந்தார். நம்ம ஆள் நேராக அவரிடம் ஓடிவிட்டான். நான் ‘வா, வா’ என்று இருபது முறை கத்தியிருப்பேன். மகன் துரத்த, அவன் இன்னும் வேகமாக ஓட, கால் மணி நேரம் வேடிக்கை. இவனுக்கு அடுத்த கட்டப் பயிற்சி கொடுக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது? கயிறு இல்லாமல் விடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் ஷாக் கொடுக்கும் காலர் வாங்கச் சொல்கிறார். ‘டெரியருக்கு இவ்வளவுதான் வரும்’ என்கிறார் என் கணவர். கடைசியாக ஒன்று: அவனுக்கு நிஜமாகவே சுண்டல் பிடிக்கிறது. கொடுக்கலாமா?”

வணக்கம். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். அவன் பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார், அவன் போனான். அன்றைக்குக் கடற்கரையில் ஒழுங்காகச் சொல்பேச்சு கேட்டது அவன் ஒருவன்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு, சிலவற்றுக்கு ஒரு காதில் மட்டும். ஒரு காது கேட்கும் நாய் வீட்டுக்குள் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடாது. அவன் பார்க்காதபோது வேறு அறையிலிருந்து கூப்பிடுங்கள். நேராக உங்களிடம் வருகிறானா, தலையை இங்கும் அங்கும் திருப்பித் தேடுகிறானா? ஒவ்வொரு தடவையும் தேடினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சுண்டல்காரர் இருந்த திசையை அவ்வளவு சரியாகப் பிடித்தவனுக்குக் காதில் கோளாறு இருக்காது என்பதுதான் என் ஊகம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த இனத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார். 1795-இல் பிறந்து, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஊழியம் செய்தவர். வேட்டைப் பைத்தியம். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 1819-இல் ஒரு பால்காரரிடம் வெள்ளையும் பழுப்புமான ஒரு பெண் டெரியரைப் பார்த்து மயங்கி, அங்கேயே விலைக்கு வாங்கிக்கொண்டார். அதன் பெயர் டிரம்ப். அதன் வழியில் அவர் உருவாக்கிய நாய்களுக்கு ஒரே வேலை: வளைக்குள் நுழைந்து நரியைக் குரைத்தே வெளியே கிளப்புவது. அதனால்தான் இரண்டு கைகளுக்குள் அடங்குகிற மார்பு, 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், அந்தக் குரல்.

மண்ணுக்கு அடியில், இருட்டில், நரி முகத்துக்கு நேராக நிற்கும்போது எசமானைத் திரும்பிப் பார்த்து ‘இப்போது என்ன செய்யட்டும்’ என்று கேட்க முடியாது. தானே முடிவெடுக்கும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். லாப்ரடார் ஒரு முடிவெடுக்குமுன் உங்கள் முகத்தைப் பார்க்கும், சுண்டல் முடிவெடுத்த பிறகு பார்ப்பான். கற்றுக்கொள்ளும் திறனில் அவனுக்குக் குறை இல்லை. இதில் தனக்கு என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். ‘இவ்வளவுதான் வரும்’ என்ற பாதியை உங்கள் கணவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்த கட்டம் என்றதும் பலர் புதுப்புது வித்தைகளை எதிர்பார்க்கிறார்கள். 1933-இல் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். அவர் வளர்த்த பூடில்களை வெறும் அலங்கார நாய்கள் என்று கேலி செய்தவர்களுக்கு அதுதான் அவர் கொடுத்த பதில். அமெரிக்கக் கென்னல் கிளப் போட்டிகள் அந்த வேரிலிருந்து வளர்ந்தவை. மொத்தம் 200 மதிப்பெண், தேற 170 வேண்டும், அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வரும் பிரபலமான சோதனை ஒன்று: உங்களை நோக்கி ஓடிவரும் நாய் பாதி வழியில் ‘படு’ என்றதும் படுக்க வேண்டும். படு என்பது குட்டியிலேயே கற்ற சொல்தான். அதைத் தூரத்தில், வேகத்தில், பிறர் நடுவில் செய்வதுதான் முன்னேற்றம். ஆகவே சுண்டலுக்குப் புதிதாக ஒன்றிரண்டு சொற்கள் போதும். தெரிந்த நாலு சொற்களை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோவதுதான் வேலை.

ஒரு சொல்லின் கடினத்தை மூன்று விஷயங்கள் கூட்டுகின்றன: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றிலும் எவ்வளவு சலசலப்பு. ஒரு நாளைக்கு இவற்றில் ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும். ஒன்றை ஏற்றும்போது மற்ற இரண்டையும் இறக்கிவிட வேண்டும். நீங்கள் அன்று கடற்கரையில் மூன்றையும் ஒரே அடியாக உச்சியில் வைத்தீர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் பொதுத்தேர்வில் உட்கார வைத்தது போல. ஏற்றலாமா வேண்டாமா என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு: பத்துக்கு எட்டு சரியாகச் செய்தால் ஏற்றுங்கள், ஐந்துக்குக் குறைந்தால் இறக்குங்கள். நடுவில் இருந்தால் அப்படியே தொடருங்கள்.

‘இரு’ என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் வீட்டில் பழைய மணைப்பலகை இருக்கிறதா? உட்கார்ந்து சாப்பிடுகிற மணை. சின்ன நாய்ப் பயிற்சிக்கு இதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது. வெறும் தரையில் ‘இரு’ என்றால் எங்கே இருப்பது என்பது நாய்க்குத் தெளிவில்லை. அரை அடி நகர்ந்தாலும் தான் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். மணைக்கு விளிம்பு உண்டு. கால் கீழே பட்டால் நாய்க்கே தெரியும். இன்னொன்று, குட்டை நாய்க்கு ஈரத் தரையிலோ சூடான தரையிலோ வயிறு படுவது பிடிக்காது. ‘வெளியே படுக்கவே மாட்டேன் என்கிறான்’ என்று வரும் புகார்களில் பல இதில்தான் தீர்ந்திருக்கின்றன.

மணைமேல் ஏறியதும், வேகவைத்த கோழி ஈரலை மிளகளவு கிள்ளி ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தடவை கொடுங்கள். பிறகு ‘போ’ என்று விடுவியுங்கள், விடுவித்த பிறகு எதுவும் கொடுக்காதீர்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து, நாய் எழுந்து வந்ததும் தீனி கொடுக்கிறார்கள். எழுந்து வருவதுதான் வேலை என்று அது புரிந்துகொள்கிறது. சம்பளம் மணைமேல் இருக்கும்போது மட்டும். அதேபோல முதல் ஒரு மாதம் மணையிலிருந்து அவனை உங்களிடம் கூப்பிடாதீர்கள். நீங்கள் அவனிடம் திரும்பிப் போய், கொடுத்துவிட்டு, விடுவியுங்கள். இருந்த இடத்திலிருந்து அடிக்கடி கூப்பிடப்படும் நாய், எப்போது கூப்பிடுவார்கள் என்று துடித்துக்கொண்டே இருக்கும்.

முதல் வாரம் பக்கத்திலேயே நின்று இரண்டு விநாடியிலிருந்து அரை நிமிடம். அடுத்த வாரம் ஓர் அடி, இரண்டு அடி, சமையலறை வாசல் வரை. ஆனால் அப்போது நேரம் மறுபடியும் ஐந்து விநாடிக்கு இறங்கிவிட வேண்டும். அப்புறம்தான் சலசலப்பு: மகன் பந்தைத் தட்டுவது, மாமியார் தட்டோடு கடந்து போவது, கடைசியில் காலிங் பெல். பெல் அடித்ததும் மணைக்கு ஓடி உட்காரும் டெரியர் உங்கள் மாடியில் பெரிய சாதனையாகப் பேசப்படும். சாப்பாடு கொண்டுவரும் பையன்களும் வாழ்த்துவார்கள்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கு தடவை போதும். ஒரே விஷயத்தை வரிசையாகப் பத்து முறை கேட்டால் டெரியர் அதில் தன் திருத்தங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடும். மூன்று முறை நன்றாகச் செய்தால் நிறுத்திவிட்டு விளையாடுங்கள்.

இனி கூப்பிட்டால் வருவது. இதில்தான் உங்கள் வீட்டுக்கு உண்மையான சிக்கல். ஒரு நாளில் உங்கள் வீட்டில் ‘வா’ என்ற சொல் எத்தனை தடவை வரும் என்று எண்ணிப் பாருங்கள். சாப்பிட வா, குளிக்க வா, உள்ளே வாங்க, டேய் இங்க வாடா. இதில் அவனுக்கானது எத்தனை? தமிழ் பேசும் வீட்டில் ‘வா’ என்பது மின்விசிறிச் சத்தம் மாதிரி, நாய் அதைக் கேட்காமலிருக்கக் கற்றுக்கொள்கிறது. பெயரும் அப்படித்தான். கொஞ்சவும் திட்டவும் அதே பெயர். உங்கள் ஊர்க் கடற்கரையில் வியாபாரமும் அதே பெயரில் நடக்கிறது. விசில் வைத்துக்கொள்ளலாம் என்றால், அங்கே அலையில் இறங்குகிறவர்களைப் பார்த்துப் போலீசார் ஊதிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே புதுச் சொல் ஒன்று வேண்டும். வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தாததாக, உற்சாகமாகக் கத்த வசதியாக. நான் ‘ஓடியா’ என்று வைப்பேன். ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், நாலு பேரும் அதையே சொல்லட்டும்.

முதல் வாரம் ‘ஓடியா’ என்றால் ஈரல் மழை, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும்போதே ஒரு முறை சொல்லுங்கள், கொடுங்கள். நாளைக்குப் பத்து தடவை. இரண்டாவது முறை சொல்லக் கூடாது. நீங்கள் இருபது முறை கத்தியபோது, பத்தொன்பது முறை காதில் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று அவனுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தீர்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, விளையாட்டை முடித்து வீட்டுக்கு இழுத்துப் போக, எதற்கும் இந்தச் சொல் வேண்டாம். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், ஆறு கிலோதானே.

அடுத்து அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம், மொட்டை மாடி, பிறகு விடியற்காலைக் கடற்கரை. எல்லா இடத்திலும் பத்து மீட்டர் நீளக் கயிறு இருக்க வேண்டும். கயிற்றை அவனுடைய மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் வேண்டாம். முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் எல்லையை எட்டும்போது அந்த அடி சின்னக் கழுத்தில் விழக் கூடாது. துணி காயப்போடும் மெல்லிய நைலான் கயிறும் வேண்டாம், உங்கள் உள்ளங்கையை அறுத்துவிடும்.

கடற்கரையில் ஈரல் மட்டும் போதாது. அவன் கண்ணில் அங்கே ஈரலைவிடப் பெரிய பொருள் நண்டு வளை. மணலில் ஒரு ஓட்டை, உள்ளே ஏதோ நகர்கிறது. வளைக்கென்றே உருவான நாய்க்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த வளையை எதிரியாகப் பார்க்காதீர்கள், அதையே கூலியாக்குங்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959-இல் எழுதிவைத்த விஷயம் இது: ஒரு உயிர் தானாக ஆசைப்பட்டுச் செய்யும் வேலையை, அவ்வளவாக விரும்பாத வேலைக்குப் பரிசாக்கலாம். வீட்டுப்பாடம் முடித்தால் கிரிக்கெட் என்று உங்கள் மகனிடம் நீங்கள் பேசியிருப்பீர்களே, அதேதான்.

எப்படி என்றால், கயிற்றோடு வளைக்குக் கொஞ்ச தூரத்தில் நில்லுங்கள். அவன் இழுப்பான். நகராதீர்கள், ஒரே ஒரு முறை ‘ஓடியா’. தலை உங்கள் பக்கம் திரும்பும் அந்த நொடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுங்கள். நாக்கைத் தட்டினாலும் சரிதான். ‘நீ இப்போது செய்தது சரி, கூலி வருகிறது’ என்பதற்கான அடையாளம் அது. ஒரு விநாடி தாமதித்தாலும் வேறு எதற்கோ கூலி கொடுத்தவர் ஆவீர்கள். வந்து உங்கள் கையை மூக்கால் தொட்டதும், ‘தோண்டு!’ என்று நீங்களும் சேர்ந்து வளைக்கு ஓடுங்கள். அரை நிமிடம் மண் பறக்கட்டும், நண்டு இதற்குள் எங்கோ ஆழத்துக்குப் போயிருக்கும். மறுபடியும் ‘ஓடியா’. பத்து நாளில் பாருங்கள், வளையைப் பார்த்ததும் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, மீதிப் பாதிக்குக் கயிறு கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து முட்டைகளைக் காப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். அந்த மாதங்களில் மணலில் தோண்டல் முற்றிலும் கூடாது. மொட்டை மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் மணல் நிரப்பி, ஈரலையும் அவன் பந்தையும் புதைத்துவையுங்கள். ‘தோண்டு’ என்ற சொல்லைக்கூட அங்கேயே தொடங்கலாம்.

தப்பித் தவறி மறுபடி ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அது அவனுக்கு விளையாட்டு, அதில் அவன்தான் ஜெயிப்பான். எதிர்ப்பக்கமாக நீங்கள் ஓடுங்கள், கத்திக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தை விட்டு. அவன் துரத்தி வருவான். வந்ததும் திட்டக் கூடாது. நெஞ்சு எவ்வளவு படபடத்தாலும்.

தூரத்திலிருந்து ‘படு’ என்பதை இதெல்லாம் வந்த பிறகு தொடங்குங்கள். சாலையின் அந்தப் பக்கம் அவன் நின்றால் ‘ஓடியா’ ஆபத்து, ‘படு’தான் காப்பாற்றும். ஆனால் எல்லா நாயும் முதலில் உங்களருகே ஓடிவந்துவிட்டுத்தான் படுக்கும். இதுவரை உங்கள் காலடியில்தானே படுத்திருக்கிறது. தந்திரம் எளிது: தீனியைக் கையில் கொடுக்காமல், அவன் முதுகுக்குப் பின்னால் போடுங்கள். பரிசு பின்பக்கம் விழும் என்று தெரிந்ததும் முன்னால் வரும் ஆசை குறையும். ஓர் அடி, இரண்டு அடி என்று போங்கள். கையை உயரத் தூக்குவதையும் சொல்லோடு சேர்த்துப் பழக்குங்கள், அலைச் சத்தத்தில் குரல் எடுபடாது.

சின்ன நாய்க்கான சில விஷயங்கள். நீங்கள் அவன்மேல் கவிழ்ந்து கூப்பிட்டால் ஒரு மலையே சாய்வது போல இருக்கும், பின்வாங்குவான். குந்தி உட்காருங்கள். பக்கத்தில் நடக்கப் பழக்கும்போது குனிந்து குனிந்து முதுகு ஒடிந்துவிடும். நீண்ட மரக்கரண்டியின் நுனியில் மசித்த ஈரலைத் தடவி அவன் மூக்கு உயரத்தில் பிடித்து நடங்கள். தீனி அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும், ஈரல் நிறையக் கொடுத்தால் வயிறும் போகும். வீட்டுக்குள் பழக்க அவனுடைய வழக்கமான உணவையே கிள்ளிக் கொடுத்துவிடலாம். ஓடும்போது திடீரென்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நாலு எட்டு மூன்று காலில் போனால் அடம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் சில்லு விலகுவது சின்ன இனங்களில் சகஜம். தாண்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தெருநாய்கள் வரும்போது அவனைப் பதறித் தூக்குவதும் வேண்டாம், அவையும் கூடவே எம்பும். ‘நடுவுல’ என்று சொன்னால் உங்கள் இரண்டு கால்களுக்கு இடையில் வந்து நிற்கக் கற்றுக்கொடுங்கள். தீனியைக் காட்டிப் பின்பக்கமிருந்து நுழைய வைத்தால் இரண்டு நாளில் வந்துவிடும்.

ஷாக் காலர் வேண்டாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு ஒரு டெரியருக்குப் பயிற்சி கொடுத்தேன். மூன்று வாரத்தில் நன்றாக நடந்தது. ஆனால் என் வண்டிச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த வீட்டுக்காரர் என்னைப் பாராட்டினார், நாய் என்ன நினைத்தது என்பது எனக்குத்தான் தெரியும். மின்காலரில் இதைவிட ஒரு வம்பு உண்டு. அதிர்ச்சி வந்தபோது அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதோடு வலியை முடிச்சுப் போட்டுக்கொள்வான். அது ஒரு குழந்தையாக இருந்துவிட்டால்? வேல்ஸில் 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கயிறு இல்லாமல் விடலாமா? சுற்றுச்சுவரும் மூடிய கதவும் உள்ள மைதானத்தில் தாராளமாக. கடற்கரையில், சாலை அவ்வளவு பக்கத்தில் இருக்க, எவ்வளவு நன்றாகக் கற்றாலும் நான் விடமாட்டேன். நீளக் கயிறு மணலில் இழுபடட்டும், அவனுக்குச் சுதந்திரம், உங்களுக்குக் காலால் மிதிக்க ஒரு முனை. நூறில் தொண்ணூற்றொன்பது முறை வரும் டெரியர் மீதி ஒரு முறை பூனைக்குப் பின்னால் போகும். காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் ஏறினால் தார்ச்சாலை அவன் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் அவனும் நடக்கக் கூடாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உப்பில்லாமல் குழைய வேகவைத்த கொண்டைக்கடலை நாலைந்து கொடுக்கலாம், வாயு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைச் சுண்டல் வேண்டாம்: உப்பு, காரம், அதைவிட முக்கியமாக வெங்காயம், அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியது. அந்தச் சுண்டல்காரரிடம் போய், இவனுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இத்தனை நாளில் அவர் ஏதாவது கொடுத்துப் பழக்கியிருப்பார் என்றுதான் எனக்குச் சந்தேகம்.